பாடநூலைத் தாண்டி வீட்டில் வரலாறு கற்பித்த அனுபவங்கள்: சுங்கை சிப்புட் பெற்றோரின் பகிர்வு

பதினொரு வயது மகளுக்குக் கற்பிக்கும் தாய்

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நாங்கள் சிலர் இருக்கிறோம். வரலாற்றுப் பாடத்திற்குத் துணையாக எவற்றைச் சேர்த்தோம், அவற்றில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை ஒவ்வொருவரும் எழுதி வைக்கலாம் என்று பேசிக்கொண்டோம். நான் தொடங்குகிறேன்.

நம் நாட்டில் ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், மகளின் உடல்நலத்தை முன்னிட்டு அமைச்சிடம் முறையாக விண்ணப்பித்து விலக்குப் பெற்ற பிறகே வீட்டுக்கல்வியைத் தொடங்கினோம். நாங்கள் வைத்துக்கொண்ட வரலாற்றுப் பாடத்திட்டத்தில் மலாக்கா சுல்தானகத்திற்கும் விடுதலைக்கும் போதிய இடம் இருந்தது. தோட்ட மக்களைப் பற்றியோ சில வரிகளே இருந்தன. அந்தக் குறையை நிரப்ப வேண்டும் என்ற ஆர்வத்தில் நான் ஏழு புத்தகங்களை வாங்கி, நாளுக்கு இத்தனை பக்கம் என்று அட்டவணையும் போட்டேன். மூன்று மாதங்களில் மகள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இதுவும் சோதனைக்கு வருமா, அம்மா?" என்பதாகத்தான் இருந்தது. அதற்கு முன் எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள். புத்தகங்களின் மீது குற்றமில்லை. அவள் எந்தக் கேள்வியும் கேட்பதற்கு முன்பே நான் ஏழு விடைகளை அவள் முன் குவித்துவிட்டேன். ஆறு புத்தகங்களை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றையும் ஒரு நிலப்படத்தையும் மட்டும் மேசையில் விட்டுவைத்தேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அவளைக் கோலகங்சாருக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மாவட்ட அலுவலகத்திற்கு அருகில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படும் முதிய ரப்பர் மரம், 1877இல் நடப்பட்ட கன்றுகளுள் ஒன்று. ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவை சுமார் 2,700. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. இந்த எண்களை அவள் மரத்தடியில் அமர்ந்து நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். 70,000 என்று தொடங்கிய கணக்கு 9இல் வந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு, "இந்த ஒன்பதும் பட்டுப்போயிருந்தால் நம் கொள்ளுத்தாத்தா இங்கே வந்திருப்பாரா?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாகவே கேட்ட கேள்வி அது. சிங்கப்பூரிலும் கன்றுகள் இருந்தன, இலங்கைக்கும் அனுப்பப்பட்டிருந்தன என்று இருவரும் தேடிப் படித்தறிய ஒரு வாரம் ஆயிற்று. அலமாரிக்குப் போன புத்தகங்களில் இரண்டு அந்த வாரத்தில் அவள் கையாலேயே இறங்கி வந்தன.

எங்கள் வரிசையில் குடியிருக்கும் பாட்டி ஒருவர் பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். அவர் வேலை செய்த தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி நெடுங்காலமாகிவிட்டது. ஆனாலும் தெரிந்தவர் ஒருவரின் சிறு நிலத்தில் எஞ்சியிருக்கும் மரங்களில் மகளுக்குச் சீவிக் காட்ட இசைந்தார். விடியுமுன்பே வரச் சொன்னார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதைப் படித்திருந்த மகளுக்கு, நான்கரை மணி இருட்டில் எழுந்தபோதுதான் அந்த வரியின் பொருள் விளங்கியது. பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) மேற்பார்வையாளரான தண்டல் பெயர் கூப்பிட்டது, தம் மர வரிசையான நிரைக்குப் போனதும் முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டது, பிறகு பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பால் வடியும் கிண்ணமான மங்கை நிமிர்த்தி வைத்தது எனப் பாட்டி சொல்லிக்கொண்டே செய்தும் காட்டினார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்திற்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் வராது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார் என்பது புத்தகத்தில் உள்ள செய்தி. அந்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் நடத்திக் காட்டிய கைகளைப் பற்றி அதே பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. மகள் ஓரத்தில் பென்சிலால் பாட்டியின் பெயரை எழுதி வைத்தாள். நான் தடுக்கவில்லை.

இப்போது எங்களிடம் மூன்று பத்திகள் கொண்ட ஒரு நோட்டு இருக்கிறது: கேட்டது, படித்தது, பார்த்தது. பாட்டி, "இது சீமையிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம்" என்றார். புத்தகம் பிரேசில் என்றது. மகள் பாட்டி சொன்னதைத் தவறு என்று அடிக்கவில்லை. கியூ தோட்டம் சீமையில்தானே இருக்கிறது என்று இரண்டையும் இணைத்து எழுதினாள். மற்றொரு நாள், ஜப்பான்காரன் வந்தபோது தாம் தாயின் வயிற்றில் இருந்ததாகப் பாட்டி சொன்னார். ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. பாட்டியின் அடையாள அட்டையிலோ பிறந்த ஆண்டு 1940 என்று இருக்கிறது. அரசாங்க அட்டையே தவறாக இருக்க முடியுமா என்று மகள் திகைத்தாள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்குக் கிராணி (தோட்ட எழுத்தர்) உத்தேசமாக ஓர் ஆண்டைச் சொல்லிப் பதிந்ததும் உண்டு என்று பாட்டியே விளக்கினார். எழுத்தில் இருப்பதையும் சரிபார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அது அவளுக்கு இன்னொரு விதியாகத்தான் இருந்திருக்கும்.

பதினான்கு வயது மகனுக்குக் கற்பிக்கும் தந்தை

அக்கா எழுதிய மூன்று பத்தி நோட்டை நாங்களும் பின்பற்றினோம். எங்கள் பொருள் அவசரகாலம், அதாவது மலாயாவில் பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்த காலம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்தில் ஒருவரும், அருகிலுள்ள மற்றொரு தோட்டத்தில் இருவருமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஜூன் 18 அன்று மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்பவை. நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் புத்தகத்தில் வருகிறது என்பதே மகனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. தாத்தாவிடம் போய், அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டான். என் தந்தைக்கு அந்த நாளைப் பற்றி எந்த நினைவும் இல்லை. அவர் நினைவில் இருந்தது வேலி. லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுற்றிப் போட்ட முள்கம்பி வேலியையும், காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் சோறு எடுத்துச் செல்கிறார்களா என்று வாசலில் சோதனையிட்டதையும், பசியோடு திரும்பிய தம் தாயையும் பற்றித்தான் அவர் பேசினார். மக்களை வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றிய பிரிக்ஸ் திட்டம் 1950இல் தொடங்கியது என்றும், அக்கிராமங்களோடு தோட்ட லயங்களும் வேலிக்குள் கொண்டுவரப்பட்டன என்றும், காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்களுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதே நோக்கம் என்றும் படித்த பிறகு, தாத்தா சொன்னது எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதை மகனே கணித்துக்கொண்டான்.

காலக்கோடு ஒன்றைச் சுவரில் ஒட்டினோம். அதில் அவன் கண்டுபிடித்த ஒன்றை நான் அதுவரை கவனித்ததில்லை. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16 அன்று பிறந்தவர். ஆகவே எல்பில் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்த நாள், அவருக்கு இருபத்தொன்பது வயது நிரம்பிய நாள். இதனால் எதுவும் நிறுவப்படவில்லை என்பதை அவனிடம் சொன்னேன். தற்செயலைக் காரணமாக எண்ணிவிடக் கூடாது அல்லவா? ஆனால் இரண்டு தனித்தனி அதிகாரங்களில் படித்தவை ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் நடந்தவை என்பது அந்த ஒரு தேதியால் அவன் மனத்தில் பதிந்துவிட்டது.

கடினமான பகுதியும் ஒன்று உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. அவர் நல்லவரா, கெட்டவரா என்று மகன் கேட்டபோது நான் விடை கூறவில்லை. குற்றச்சாட்டு என்ன, அன்றைய சட்டம் அதற்கு என்ன தண்டனை விதித்தது, தோட்டத் தொழிலாளர் அவரை எப்படிக் கருதினர், அரசு எப்படிக் கருதியது என்று நான்கு தாள்களில் தனித்தனியாக எழுதச் சொன்னேன். கொல்லப்பட்ட மூவரைப் பற்றியும் அதே முறையில் எழுத வேண்டும் என்று அவனாகவே முடிவு செய்தான். அந்தத் தாள்கள் இன்னும் முடியவில்லை. முடிக்கச் சொல்லி நான் அவசரப்படுத்தவும் இல்லை.

பேரனுக்குக் கற்பிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். முதியோரைச் சந்தித்துப் பேட்டி காண்பது நல்ல செயல்பாடு என்று நீங்கள் இருவரும் எழுதியதை முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆயினும் என் பேரனுக்கும் எனக்கும் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதை பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். நூலும் அளவுகோலும் கொண்டு நிலப்படத்தில் அளந்து, பினாங்கிலிருந்து கோலாலம்பூர் செல்லும் தொலைவைவிட அது அதிகம் என்று பேரன் கண்டான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அங்கே பெருந்தொகையினர். மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பன்மடங்கு. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன; நம்மவர்களுக்கு ஏன் இல்லை என்று பேரன் கேட்டான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் தந்தை சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். நாங்கள் முன்னரே சொல்லிவிட்டுத்தான் போனோம். தேநீர் கொடுத்தார், பேரனின் படிப்பை விசாரித்தார். அவன் நோட்டைத் திறந்ததும், "அதை மட்டும் கேக்காதீங்க, டீச்சர். எங்கம்மா சாகுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார். பேரன் என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்குள் நோட்டை மூடிவிட்டான். வீட்டுக்கு வந்து, கேட்டது என்ற பத்தியில் தேதியை இட்டு, "சொல்ல விரும்பவில்லை" என்று மட்டும் எழுதினான். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் எழுதலாமா என்று என்னிடம் கேட்டான். அவரிடமே கேட்டுவிட்டு எழுது என்றேன். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டான்; அவர் இசைந்தார். முதியவர்களைப் பிள்ளைகளின் பாடத்திற்கான கருவியாக நாம் நடத்திவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏழு வயது மகனின் தாய்

என் மகன் மிகவும் சிறியவன். இத்தனை கனமானவை அவனுக்கு ஏற்றவை அல்ல. நாங்கள் ஒரு பழைய தகரப்பெட்டியை வைத்து விளையாடினோம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறாய், இந்தப் பெட்டிக்குள் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பொம்மைகளை அடுக்கினான், பிறகு பாட்டிக்கு இடமில்லையே என்று அழுதான். பினாங்குக்கு வந்தவர்களைக் கரையேற்றாமல் முதலில் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் கண்காணிப்பில் வைத்ததையும் அவனுக்குக் கதையாகச் சொன்னேன். அவன் வயதுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். ஆசிரியை அவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

போதும், அம்மா. அழுததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அடுத்த முறை, வந்தவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றியும், ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணி மூலமாக அதே ஊரார் பின்னர் வந்து சேர்ந்ததைப் பற்றியும் சொல்லுங்கள். பிரிந்ததோடு கதையை நிறுத்திவிட வேண்டாம்.

பதினொரு வயது மகளுக்குக் கற்பிக்கும் தாய்

ஆசிரியை எழுதியதைப் படித்த பிறகு, பாட்டியிடம் அனுமதி கேட்காமலேயே அவர் அடையாள அட்டையின் ஆண்டை நோட்டில் எழுதியிருந்ததை உணர்ந்தேன். மகளை அழைத்துக்கொண்டு போய்க் கேட்டோம். பாட்டி சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டு, உள்ளே போய்த் தம் கணவரின் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, வேலையோடு வீட்டையும் தொழிலாளர் இழந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கட்டும் என்று 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அது. நூறு வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து மாதப் பதிவுகளில் இரண்டு மாதங்கள் மட்டும் விடுபட்டிருந்ததை மகள் விரல் வைத்துக் காட்டினாள். "அப்ப பெரியவனுக்குக் காய்ச்சல், பாப்பா" என்றார் பாட்டி. அவரிடம் கேட்டுவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

இன்னொன்றும் தெரியவந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பாட்டி, இவ்வளவு அருகில் உள்ள கோலகங்சாரின் அந்த முதல் மரத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போகிறோம். அங்கிருந்து தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்திற்கும் செல்ல எண்ணம். காரில் இன்னும் இருவருக்கு இடமிருக்கிறது. தம்பியின் பதினான்கு வயது மகனும் ஆசிரியையின் பேரனும் வருவதாக இருந்தால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்.