காலர் ஐடி முதல் கால் டிரேஸ் வரை: லேண்ட்லைனில் காசு கொடுத்து வாங்கிய வசதிகள்

"யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள்" என்று சொல்லித்தான் எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குக் காலர் ஐடியை விற்றார்கள். மாதாமாதம் தனிக் கட்டணம். அந்தக் கட்டணம் எண்ணை அனுப்புவதற்கு மட்டும்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைக் காட்டும் திரை வைத்த போனை நாமே வாங்க வேண்டும். சரி, வாங்கியாச்சு.

அப்பாவுக்கு மணி அடித்த உடனே பாய்ந்து எடுக்கிற பழக்கம். அவர் எடுத்தால் மட்டும் திரையில் ஒன்றும் வராது. கஸ்டமர் கேரில் கேட்டால் போனில் கோளாறு, மாற்றுங்கள் என்றார்கள். போன் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் எக்ஸ்சேஞ்ச் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் எண்ணை அனுப்புகிறது. அதற்குள் ரிசீவரை எடுத்துவிட்டால் எண் வராது. விளம்பரத்தில் வந்த அம்மணி என்னவோ முதல் மணியிலேயே திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

எங்களுக்கு விற்பனை அழைப்புகள்தான் தொல்லை. எண்ணை மறைத்துக் கூப்பிடுபவர்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது, போட்டால் நிம்மதி என்றார்கள். போட்டோம். அது தடுப்பது, அழைப்பவர் வேண்டுமென்றே எண்ணை மறைத்த அழைப்பை மட்டும். எண் வந்து சேராமல் "விவரம் இல்லை" என்று திரையில் தெரிகிற அழைப்பு தாராளமாக உள்ளே வரும். விற்பனைக்காரர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வந்தார்கள், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பொய் எண்ணோடு வந்தார்கள். உருப்படியாக நின்றுபோனது அக்கா வேலை செய்யும் மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்புதான். அங்கே எல்லா இணைப்பிலும் எண்ணை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

*

நான் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகு இந்த வசதிகளைப் போட யாரும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. கணினியில் உங்கள் எண்ணுக்கு நேராக ஒரு குறியை மாற்றினால் முடிந்தது. அதனால்தான் விற்பதில் இத்தனை ஆர்வம். அமெரிக்காவில் பொத்தான் அழுத்தும் போன் 1963இல் வந்தது. சுழற்றும் போனைவிட அதைக் கையாள்வது எக்ஸ்சேஞ்சுக்குச் சுலபமாகிப்போன பிறகும், "டச் டோன்" என்று மாதக் கட்டணம் பல காலம் பில்லில் இருந்தது.

திரையில் பெயர் வருகிறதே, அமெரிக்காவில் அதை அழைப்பவரின் எக்ஸ்சேஞ்ச் அனுப்புவதில்லை. அழைப்பைப் பெறும் உங்கள் போன் கம்பெனி ஒரு தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி, கிடைக்கும் பெயரைப் போடுகிறது. 15 எழுத்துக்குமேல் இடமில்லை. அங்கே பழைய பதிவு இருந்தால், எண்ணை முன்பு வைத்திருந்தவர் பெயர்தான் வரும். எண்ணும் அப்படி ஒன்றும் நம்பத்தக்கதல்ல. அலுவலக எக்ஸ்சேஞ்சோ இணையத் தொலைபேசியோ வைத்திருப்பவர் விரும்பிய எண்ணைப் போட்டு அனுப்பலாம். இதற்காகத்தான் அங்கே 2021 ஜூன் 30 முதல் எண் உண்மையானது என்று அழைப்போடு சான்று சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். அது இணைய வழியில் போகும் அழைப்புக்கு மட்டும். நடுவில் பழைய வகை எக்ஸ்சேஞ்ச் ஒன்று வந்தாலே சான்று அறுந்துவிடும். லேண்ட்லைன்காரருக்குப் பெரிய பலன் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் எண் தெரியும் என்று விற்பார்களே, அதற்குச் சாதாரண காலர் ஐடி போன் போதாது. எக்ஸ்சேஞ்ச் ஒரு சிறு ஒலி கொடுக்கும், போன் பேச்சைக் கொஞ்சம் நிறுத்தித் "தயார்" என்று பதில் ஒலி கொடுக்க வேண்டும், அதன் பிறகே எண் வரும். பதில் கொடுக்கத் தெரியாத போனில் பீப் மட்டும்தான் கேட்கும். உள்ளறையில் இன்னொரு ரிசீவரை யாராவது எடுத்து வைத்திருந்தால், நல்ல போனிலும் பல நேரம் வராது. இதை விற்பவர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. உங்கள் எண்ணை மறைக்கும் வசதிக்குக் காசு கட்டினாலும், அமெரிக்காவில் கட்டணமில்லா எண்களுக்குக் கூப்பிட்டால் அவர்களுக்கு உங்கள் எண் போய்விடும். அந்த அழைப்புக்குப் பணம் கட்டுவது அவர்கள் என்பதால், பில்லுக்கான எண் தனி வழியில் போகிறது. அவசர உதவி எண்ணுக்கும் அப்படித்தான். அது நல்லதற்குத்தான்.

*

கால் வெயிட்டிங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! போன் லைனிலேயே வரும் டயல் அப் இணையம் இருந்த காலத்தில், பாதி இறங்கிய கோப்பை அந்த ஒரு பீப் அறுத்துவிடும். வட அமெரிக்காவில் *70 அழுத்தி நிறுத்தலாம், அதுவும் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும். எங்களுக்கு இந்த வசதியை இணைய இணைப்போடு சேர்த்தே விற்றார்கள் என்பதுதான் வேடிக்கை.

*

கால் ஃபார்வர்டிங்: "எங்கே போனாலும் உங்கள் அழைப்பு உங்களோடு." கூப்பிடுபவர் உங்கள் வீடு வரைக்கும்தான் கட்டுவார். அங்கிருந்து திருப்பிவிட்ட எண் வரைக்கும் ஆகும் கட்டணம் நம் பில்லில். அதோடு எங்களிடம் இருந்த வகையை வீட்டுப் போனிலிருந்து மட்டுமே போட முடியும். கிளம்பும் அவசரத்தில் மறந்தால் போச்சு. வெளியிலிருந்து போட வேண்டுமென்றால் அது வேறு வசதி, வேறு கட்டணம்.

*

மிரட்டல் அழைப்பு வந்துகொண்டிருந்ததால் கால் டிரேஸ் பயன்படுத்தினோம். வட அமெரிக்காவில் *57. அழைப்பு முடிந்ததும், அடுத்த அழைப்பு வருவதற்குள் அழுத்த வேண்டும். எண் உங்களுக்குத் தெரியாது, கம்பெனியிலேயே பதிவாகி இருக்கும், காவல்துறை கேட்டால்தான் கொடுப்பார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் "தொல்லை கொடுப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள்" என்று விற்றால், காசு கட்டுபவர் என்ன நினைப்பார்? ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் வேறு.

*

இப்போது மோடம் வழியாக வரும் வீட்டு போனுக்கு மாறச் சொல்லி எல்லோரையும் அழைக்கிறார்கள். அதே எண், அதே போன், எல்லா வசதியும் இலவசம் என்கிறார்கள். இலவசம் என்பது உண்மைதான். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, அதனால் கரண்ட் போனாலும் பழைய கம்பி போன் பேசும். மோடம் பேசாது. எங்களிடம் விற்க வந்தவரிடம் இதைக் கேட்டபோது "பேட்டரி இருக்கிறது" என்றார். பெட்டியில் பேட்டரிக்கு இடம்தான் இருந்தது. அமெரிக்காவில் 2015இல் வந்த விதிப்படி, கேட்பவருக்கு 8 மணி நேரம் தாங்கும் மாற்று மின்சாரத்தைக் கம்பெனி விற்க முன்வர வேண்டியிருந்தது, 2019 முதல் 24 மணி நேரத்துக்கும். ஆனால் அங்கும் வாங்குகிற செலவு வாடிக்கையாளர் தலையில்தான். அந்த விதியும் 2025இல் முடிந்துவிட்டது.