40,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆல்கோ ரயில் எஞ்சின் மாடலிடம் எதை எதிர்பார்ப்பது நியாயம்?

கொருக்குப்பேட்டை

மாடல் ரயில் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அருகில் வளர்ந்தவன். தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டின் ஆல்கோ (அமெரிக்க வடிவமைப்பு) எஞ்சின்கள் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கேட்டைக் கடக்கும்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி அதிரும். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியதால், என் மாடல் ரயில் லேஅவுட்டில் ஓடப்போகும் முதல் உயர்தர எஞ்சின், ஆல்கோ வகையான டபிள்யூடிஎம்-2 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து, ஒலி டிகோடர் (ஓட்டத்தையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பொருத்திய எச்ஓ மாடல் (உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு) ஒன்றை வாங்கினேன். தயாரித்தவர் பெயரை எழுத விரும்பவில்லை.

வண்ணப்பூச்சும் எழுத்துகளும் மிக அருமை. பக்கவாட்டில் உள்ள மிகச் சிறிய எழுத்தைக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்க முடிகிறது. ஆனால் மெதுவாக ஓட்டினால் பாயிண்ட்டை (தண்டவாளம் பிரியும் இடத்தை) கடக்கும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது, ஒலியும் அறுந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பெட்டியைத் திறந்தபோதே ஒரு கைப்பிடிக் கம்பி கழன்று கிடந்தது. போகியில் (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில்) மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்கின்றன. உண்மையான டபிள்யூடிஎம்-2 போகியில் அந்த இரண்டு இடைவெளிகளும் சமமாக இருக்காது என்பதை ஷெட் வேலிக்கு வெளியே நின்று பார்த்த எவரும் அறிவர். எல்லாவற்றையும்விட, ஒலியைக் கேட்டால் இது ஆல்கோ என்றே தோன்றவில்லை.

இவ்வளவு பணம் கொடுத்தவன் இவற்றையெல்லாம் குறை என்று சொல்லலாமா, அல்லது நான் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறேனா?

பெரம்பூர் பணிமனை

தம்பி, நீங்கள் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான்கு குறைகளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உண்மையான எஞ்சின்களைக் கழற்றி மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓட்டம் சரியில்லாத எஞ்சினுக்கு மற்ற எந்தச் சிறப்பும் ஈடாகாது. கைப்பிடிக் கம்பியை ஒரு சொட்டுப் பசையால் ஒட்டிவிடலாம். பாயிண்ட்டில் நிற்கும் எஞ்சினை அந்த விலைக்கு ஏற்றுக்கொள்ளவே கூடாது.

நான் புது எஞ்சினை வாங்கியதும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஷண்டிங் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 87-ஆல் வகுக்கும்போது நொடிக்கு 16 மில்லிமீட்டர் வரும். அதாவது, ஒரு மீட்டர் நேர்த்தண்டவாளத்தைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆக வேண்டும். நல்ல மோட்டாரும் அதன் சுழற்சியைச் சீராக்கும் ஃப்ளைவீலும் ஒழுங்காக அமைத்த டிகோடரும் இருந்தால், எங்கும் தயங்காமல், குலுங்காமல் எஞ்சின் இந்த வேகத்தில் ஊர்ந்து போகும். உயர்தரம் என்று சொல்லி விற்பவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

திருப்பி அனுப்புவதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலில் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். காசிமேட்டுக் கடற்காற்று வீசும் நம் பகுதியில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டாலே துணி கறுத்துவிடும், அந்தப் பழியை எஞ்சின்மேல் போடக் கூடாது. அடுத்து, முன் போகியின் அடியில் தண்டவாளத்தின்மேல் ஒரு தாளை விரித்து, பின் போகி மட்டும் மின்சாரம் எடுக்கும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு தாளைப் பின் போகிக்கு மாற்றுங்கள். இரண்டு விதமாகவும் உயிர் வர வேண்டும். ஒரு பக்கம் வைக்கும்போது அசையாமல் கிடந்தால், மின்சாரம் எடுக்க வேண்டிய பன்னிரண்டு சக்கரங்களில் ஆறு சும்மா உருள்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட எஞ்சின் பாயிண்ட்டின் பிளாஸ்டிக் பகுதியில் நிற்காமல் வேறு என்ன செய்யும்?

வியாசர்பாடி

போகி விஷயத்தில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். இந்திய எஞ்சின் மாடல்களை வாங்குவோர் மிகக் குறைவு. வார்ப்பு அச்சு செய்யும் செலவோ நூறு எஞ்சின் விற்றாலும் ஆயிரம் விற்றாலும் ஒன்றுதான். ஆகவே வேறொரு எஞ்சினுக்காகச் செய்த போகியையே இதற்கும் மாட்டிவிடுகிறார்கள். அதை வாங்குமுன்னே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நான் மன்னித்துவிடுவேன். தண்டவாள அகலத்திலும் நாம் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துத்தானே இருக்கிறோம்? நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது, ஆனால் எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். கடையில் கிடைக்கும் தண்டவாளத்திலும் பாயிண்ட்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்ட சமரசம் அது.

பேசின் பிரிட்ஜ்

ஒலியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன், ஏனெனில் இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். டபிள்யூடிஎம்-2-இல் இருப்பது ஆல்கோ 251 வகை 16 சிலிண்டர் எஞ்சின். அது நான்கு வீச்சு எஞ்சின். டபிள்யூடிஜி-4 போன்ற சரக்கு வண்டி எஞ்சின்களில் இருக்கும் இஎம்டி நிறுவனத்தின் 710 வகை இரண்டு வீச்சு எஞ்சின். சும்மா நிற்கும்போது ஆல்கோ ஒரு சீரில்லாமல் தடதடவென்று இரையும். இஎம்டியோ ஒரே சீராக ரீங்கரிக்கும். உங்கள் மாடலில் சீரான ரீங்காரம்தான் கேட்கிறது என்றால், தவறான ஒலிக் கோப்பை ஏற்றியிருக்கிறார்கள். இது வியாசர்பாடி நண்பர் சொல்லும் சமரசத்தில் சேராது, ஏனென்றால் சரியான கோப்பை ஏற்றுவதற்குப் புது வார்ப்பு அச்சு ஒன்றும் தேவையில்லை. டிகோடர் எந்த வகை என்று பாருங்கள். லோக்சவுண்ட் வகையாக இருந்தால், அதற்கான புரோகிராமர் கருவியைக் கணினியில் இணைத்துப் பழைய ஒலியை நீக்கிவிட்டு ஆல்கோ 251 ஒலியை ஏற்றலாம். ஹாரன் மட்டும் அமெரிக்க ஹாரனாக ஒலிக்கும். நம் ஊர் ஹாரனை நல்ல முறையில் பதிவுசெய்து தனியாகச் சேர்க்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுத் தாள் சோதனையைச் செய்தேன். பின் போகியின் அடியில் தாளை வைத்தபோது எஞ்சின் ஓடியது. முன் போகிக்கு மாற்றியதும் விளக்குகூட எரியவில்லை. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பின் போகியிலிருந்து வரும் கறுப்புக் கம்பியின் ஈயப்பற்று விட்டுப்போய், கம்பி முனை சர்க்யூட் போர்டைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது. உத்தரவாதம் பாதிக்கப்படாமல் இருக்க, கடைக்காரருக்குப் படம் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்ட பிறகுதான் பற்றவைத்தேன். இப்போது ஒரு மீட்டரைக் கடக்க 68 நொடி ஆகிறது. நான்கு பாயிண்ட்டுகளையும் ஒருமுறைகூட நிற்காமல் கடந்தது; முன்விளக்கு ஒளி தண்டவாளத்தில் ஆடாமல் நகர்ந்ததைத் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிகோடர் லோக்சவுண்ட்தான். ஒலியை மாற்றித் தரும்படி தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். நான் காசு கொடுத்தது ஆல்கோவுக்கு என்பதால் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். போகியைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் இருந்த படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் சம இடைவெளிதான் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் முன்பணம் கட்டியது என் தவறு.

பெரம்பூர் ஐயா, சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளந்து பார்க்கும் கருவி உங்களிடம் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சினை எடுத்துக்கொண்டு வரலாமா?