பாட்டாளிக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் ஒன்றாகிவிட்டால் என்ன?

உட்லண்ட்ஸ் வேலு:
2025 சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தல் சூடு கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன். பாட்டாளிக் கட்சி, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி, இந்த இரண்டு எதிர்க்கட்சியும் ஏன் இரண்டாகவே இருக்க வேண்டும்? குறைந்தபட்ச ஊதியம் வேண்டும் என்று இருவருமே கேட்கிறார்கள். வேலை போனவருக்குச் சில மாதமாவது கைகொடுக்க ஒரு திட்டம் வேண்டும் என்பதிலும் ஒரே பேச்சு. பொருள் சேவை வரி 9 விழுக்காட்டுக்குப் போனதை இருவரும் எதிர்த்தார்கள். காப்பிக்கடையில் இரண்டு கட்சித் துண்டுப் பிரசுரத்தையும் பெயரை மறைத்து நீட்டினால் எது யாருடையது என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

எங்கள் செம்பவாங் வெஸ்டில் ஜனநாயகக் கட்சியின் டாக்டர் சீ சூன் ஜுவான் 46.81 விழுக்காடு வாங்கினார். எதிர்க்கட்சிகள் வென்றது 10 இடம். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும் என்பதால் மிச்சம் 2 தொகுதியில்லா உறுப்பினர் இடங்கள், தோற்றவர்களில் அதிக விழுக்காடு வாங்கியவர்களுக்கு. ஜாலான் காயு 48.53, தெம்பனிஸ் 47.37, இரண்டுமே பாட்டாளிக் கட்சிக்குப் போயின. அடுத்து நின்றவர் இவர். 0.56 புள்ளியில் வெளியே. வெளியே நிறுத்தி வைப்பதற்கா இத்தனை வருடம் அந்த மனிதர் வீடு வீடாக ஏறி இறங்கினார்?

செங்காங் மீனா:
வேலு, நீங்கள் சொன்ன கணக்கிலேயே பதில் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்சியாக இருந்திருந்தாலும் அந்த 2 இடம் ஜாலான் காயுவுக்கும் தெம்பனிஸுக்கும்தான் போயிருக்கும். விதி வாக்கு விழுக்காட்டைத்தான் பார்க்கிறது.

அப்புறம், இணைப்பு பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ‘வாக்குப் பிரிகிறது’. எங்கே பிரிந்தது? 2025இல் பாட்டாளிக் கட்சி நின்ற 26 இடமும் கிழக்கிலும் வடகிழக்கிலும். ஜனநாயகக் கட்சியின் 11 இடம் செம்பவாங், செம்பவாங் வெஸ்ட், மார்சிலிங் - இயூ டீ, புக்கிட் பாஞ்சாங். ஒரு தொகுதியில்கூட இருவரும் முட்டிக்கொள்ளவில்லை. முட்டாத மாடுகளை எதற்கு ஒரே கயிற்றில் கட்ட வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
மும்முனை, நான்குமுனைப் போட்டி நடந்த இடங்களையும் பாருங்கள். தெம்பனிஸில் நான்கு கட்சி. ஆளும் மக்கள் செயல் கட்சி 52.02, பாட்டாளிக் கட்சி 47.37. மற்ற இரண்டும் சேர்ந்தே 1 விழுக்காட்டைத் தொடவில்லை. 13,500 வெள்ளி வைப்புத்தொகை, ஆளுக்கு ஆள் போனது. பலர் ஓரணியாக நிற்கும் செம்பவாங் குழுத்தொகுதியிலும் அதே கதை: ஜனநாயகக் கட்சிக்கு 29.93, மூன்றாவதாக வந்த கட்சிக்கு 2.32. எதிர்க்கட்சிக்குப் போடுவது என்று முடிவு செய்தவர், யார் தேறுவார் என்று பார்த்துத்தான் போடுகிறார். தலைவர்கள் செய்யாத இணைப்பை வாக்காளர் வாக்குச்சீட்டிலேயே முடித்துவிடுகிறார்.

உட்லண்ட்ஸ் வேலு:
சரி, வாக்குப் பிரிவதை விட்டுவிடுகிறேன். ஆள் பிரிவதைப் பற்றிச் சொல்லுங்கள். மரின் பரேட் - பிராடல் ஹைட்ஸில் என்ன நடந்தது? மும்முனைப் போட்டி வேண்டாம் என்று தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி ஒதுங்கிக்கொண்டது. வேட்புமனு நாளன்று பாட்டாளிக் கட்சியும் வரவில்லை. 1,31,000க்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டே இல்லை. 2011க்குப் பிறகு போட்டியில்லாமல் போன முதல் தொகுதி அது. ஒரே கட்சியாக இருந்து, ஆட்களை ஒரே இடத்தில் உட்கார்ந்து பங்கிட்டிருந்தால் 5 பேர் கிடைத்திருக்க மாட்டார்களா?

செங்காங் மீனா:
5 பேர் கிடைப்பார்கள். வெல்லக்கூடிய 5 பேரா? பாட்டாளிக் கட்சி அங்கே போகாமல் தெம்பனிஸிலும் பொங்கோலிலும் ஆட்களை இறக்கியது ஒரு கணக்கு. எனக்கும் அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இணைப்பு இல்லாததால் வந்த வினை இல்லை, வேட்புமனு நாள்வரை வாயைத் திறக்காததால் வந்த வினை. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும்.

இன்னொன்று. 2013 பொங்கோல் ஈஸ்ட் இடைத்தேர்தல் நினைவிருக்கிறதா? ஜனநாயகக் கட்சி ஒரு யோசனை சொன்னது: பொது வேட்பாளரை நிறுத்துவோம், வென்றால் எங்கள் ஆள் நாடாளுமன்றம் போவார், நகர மன்றத்தைப் பாட்டாளிக் கட்சி பார்த்துக்கொள்ளட்டும். அதாவது பேச்சு எனக்கு, மின்தூக்கிப் பழுதும் குப்பைத்தொட்டியும் உனக்கு. பாட்டாளிக் கட்சி கண்டுகொள்ளவில்லை. ஜனநாயகக் கட்சி ஒதுங்கியது. பாட்டாளிக் கட்சியின் லீ லி லியான் 54 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி வென்றார், அதுவும் நான்குமுனைப் போட்டியில். அந்த யோசனையைப் படித்த அன்று முடிவு செய்தேன், இந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் சரிப்பட்டு வராது.

மதுரைக்காரன்:
நான் நிரந்தரவாசிதான், எனக்கு வாக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எங்கள் ஊரில் சிபிஐயும் சிபிஎம்மும் 1964இல் பிரிந்தன. கொடி சிவப்பு, பேச்சு ஒன்று, அரிவாள் ஒன்று. இன்றும் தனித்தனி அலுவலகம், தனித்தனிச் சின்னம். ஆனால் தேர்தல் வந்தால் ஒரே கூட்டணியில் தொகுதி வாங்குகிறார்கள். இங்கே கூட்டணி என்ற நடுவழியே கிடையாதா? ஒன்று தனியாக, இல்லாவிட்டால் கல்யாணமா? மலேசியாவில்கூட 2018இல் தீபகற்பத்தில் கூட்டணிக் கட்சிகள் எல்லாம் கெஅடிலான் கட்சியின் சின்னத்தில்தானே நின்றன? ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) தன் ராக்கெட் சின்னத்தையே ஓரமாக வைத்தது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, இங்கேயும் கூட்டணி இருந்தது. 2001இல் சியாம் சீ தோங் தலைமையில் சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணி, நான்கு கட்சி. 2007இல் ஒன்று கழன்றது, 2011இல் சியாமின் கட்சியே கழன்றது. உங்கள் ஊரில் கூட்டணி நிற்கக் காரணம் நடுவில் ஒரு பெரிய கட்சி இருந்து தொகுதியைப் பிரித்துத் தருவது. இங்கே அந்த இடத்தில் இருக்கக்கூடியது பாட்டாளிக் கட்சி மட்டும். அது யாரோடும் சேருவதில்லை. 2018இல் ஏழு கட்சிகள் கூடி முன்னாள் ஆளுங்கட்சி எம்.பி. டான் செங் போக்கைத் தலைமை தாங்கச் சொன்னபோதும் அது அந்த அறையில் இல்லை.

பழைய ஆன்சன்:
எல்லோரும் 2025ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பின்னால் போவோம்.

1981 அக்டோபர் 31. ஆன்சன் இடைத்தேர்தல். எனக்கு அப்போது 19 வயது, வாக்கு இல்லை. அப்பா துறைமுகத் தொழிலாளி. பிளேர் பிளேன் குடியிருப்புக்காரர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை, அந்தக் கோபம் அந்த வட்டாரம் முழுக்க இருந்தது. பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் 51.9 விழுக்காடு வாங்கி நாடாளுமன்றத்துக்குள் போனார். அன்றும் மும்முனைப் போட்டிதான், மூன்றாமவருக்கு 1 விழுக்காடுகூட விழவில்லை. கணக்குப்பிள்ளை சொன்ன வாக்காளர் புத்தி நேற்று வந்ததில்லை.

இணைப்பும் நடந்திருக்கிறது. 1988இல் பாரிசான் சோசியலிஸ் கலைந்து பாட்டாளிக் கட்சிக்குள் வந்தது. சிங்கப்பூர் ஐக்கிய முன்னணியும் வந்தது. பாரிசான் என்றால் சும்மா இல்லை, 1963இல் 13 இடம் வென்ற கட்சி. பிறகு நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி, தேய்ந்து, கடைசியில் பெயரை இறக்கி வைத்தது. அந்த வருடம்தான் குழுத்தொகுதி முறையும் வந்தது. யூனோஸில் டாக்டர் லீ சியூ சோ, பிரான்சிஸ் சியோ அணி 49.1 விழுக்காடு. வெற்றி கைக்கெட்டும் தூரம். லீ சியூ சோ தொகுதியில்லா உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார், அந்த வகையில் அவர்தான் முதல் ஆள். இணைந்ததால் கிடைத்த பலன் இல்லையா இது?

செங்காங் மீனா:
ஐயா, பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் பாரிசான் அப்போது போக வேறு இடமில்லாத கட்சி. டாக்டர் சீயின் கட்சி அப்படியா? 46 விழுக்காடு வாங்குகிறவர் எதற்குப் பெயரை இறக்க வேண்டும்? பெயரை இறக்கப் போவது யார் என்று வேலு இன்னும் சொல்லவே இல்லை.

உட்லண்ட்ஸ் வேலு:
புதுப் பெயர். புதுக் கட்சி. இருவரும் சமம். யாரும் யாருக்குள்ளும் போக வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அது முடியாது. நீங்கள் நினைக்கும் வடிவத்தை அரசியலமைப்பே தடுக்கிறது. 46ஆம் பிரிவைப் படியுங்கள். எந்தக் கட்சிக்காகத் தேர்தலில் நின்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராக இல்லாமல் போனாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ நாடாளுமன்ற இடம் காலி. 2012இல் ஹவ்காங் உறுப்பினரைப் பாட்டாளிக் கட்சி நீக்கியபோது இடைத்தேர்தல் வந்தது இதனால்தான். பாட்டாளிக் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டு புதுக் கட்சிக்குள் போனால் அல்ஜுனிட், செங்காங், ஹவ்காங் மூன்றும் கைவிட்டுப் போகும் ஆபத்து. நாடாளுமன்றம் கலைகிற நேரம் பார்த்துச் செய்யலாம் என்பீர்கள். அதற்கும் வேட்புமனு நாளுக்கும் இடையில் சில நாள்தான் கிடைக்கும். அதற்குள் புதுச் சின்னத்தை எத்தனை பேர் மனத்தில் பதிய வைப்பது? பாட்டாளிக் கட்சியின் சுத்தியல் சின்னத்தை எங்கள் புளோக்கில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே வழி ஒன்றுதான். 1988 மாதிரி. கலைய வேண்டியது ஜனநாயகக் கட்சி.

உட்லண்ட்ஸ் வேலு:
அதென்ன நியாயம்? 1980இல் தொடங்கிய கட்சி அது. 2001க்குப் பிறகு பலர் பயந்து ஒதுங்கியபோது வழக்கு, திவால், சிறை எல்லாம் பார்த்தவர் சீ. சந்தையில் நின்று தன் புத்தகத்தைத் தானே விற்றவர். நான் என் பழைய பயனீட்டாளர் அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதவன், ஒரு கட்சியைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். பத்து இடம் இருக்கிறது என்பதற்காக மற்றவர் கரைந்து போக வேண்டுமா?

பழைய ஆன்சன்:
வேலு, கோபம் வேண்டாம். ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகமானது. 1991 தேர்தலை எடுங்கள். ஜனநாயகக் கட்சிக்கு 3 இடம், பாட்டாளிக் கட்சிக்கு 1. ஹவ்காங்கில் லோ தியா கியாங் மட்டும். அன்று யாராவது ‘சின்னது பெரியதில் கரையட்டும்’ என்று சொல்லி, இவர்களும் கேட்டிருந்தால் சுத்தியல் அன்றே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். இரண்டே வருடத்தில் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கிய சியாமுக்கும் சீக்கும் சண்டை. சியாம் தலைமைச் செயலாளர் பதவியை விட்டார், கட்சி அவரை நீக்கியது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. 1997இல் அந்த 3 இடமும் போச்சு, இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லா முட்டையும் அந்தக் கூடையில் இருந்திருந்தால் ஹவ்காங்கும் சேர்ந்து உடைந்திருக்கும்.

நான் இணைப்புக்கு ஆதரவாகத்தான் பேச வந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது என் கட்சியே மாறிவிட்டது போலிருக்கிறது.

மதுரைக்காரன்:
ஐயா, அப்படியென்றால் பிரச்சினை கொள்கையா, ஆளா?

பழைய ஆன்சன்:
ஆள்தான் தம்பி. ஜெயரத்தினமும் தான் தூக்கி நிறுத்திய கட்சியில் கடைசிவரை இருக்கவில்லை. 2001இல் விலகினார், 2008இல் சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார், சில மாதத்தில் காலமாகிவிட்டார். கொள்கையில் என்ன மலையும் மடுவும் இருந்தது?

செங்காங் மீனா:
கொள்கையிலும் இருக்கிறது ஐயா, வேலு முதலில் சொன்ன அளவுக்கு ஒன்று இல்லை. வீட்டு விஷயத்தை எடுங்கள். திறந்த சந்தையில் விற்க முடியாத, மலிவான வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு என்று ஜனநாயகக் கட்சி 2012இலிருந்து சொல்கிறது. வாங்கியவர் வீட்டைக் கழகத்துக்கே திருப்பித் தர வேண்டும். என் புளோக்கில் போய் ‘உங்கள் வீடு இனி சொத்து இல்லை, குடியிருக்க மட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள், காப்பிகூடத் தர மாட்டார்கள். பாட்டாளிக் கட்சி அந்த மாதிரி தைரியத்துக்கெல்லாம் போவதில்லை. 1,600 வெள்ளி குறைந்தபட்ச ஊதியம், வேலையிழப்புக் காப்புறுதி, அதற்குமேல் மெதுவாக. சிலருக்கு இது கோழைத்தனம். எனக்கு இதுதான் செங்காங்கில் 56 விழுக்காடு.

உட்லண்ட்ஸ் வேலு:
அந்த வீட்டுத் திட்டம் பழைய வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தாது அக்கா, விரும்புபவர் மட்டும் சேரலாம். நீங்களே இப்படிப் புரிந்துகொண்டால் உங்கள் புளோக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேறு கருத்து இருந்தால் ஒரே கட்சியில் இருக்க முடியாதா? 2022இல் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் வாக்கெடுப்பில் பாட்டாளிக் கட்சி கொறடா உத்தரவை விலக்கியது. கட்சித் தலைவர் பிரித்தம் சிங் ஆதரித்தார், அவர் கட்சிக்காரர் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். கட்சி உடைந்தா போனது?

செங்காங் மீனா:
உடையவில்லை. நல்ல பதில், ஒப்புக்கொள்கிறேன். வீட்டுத் திட்டம் பற்றியும் நான் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன்.

சரி, நேராகக் கேட்கிறேன். ஜனநாயகக் கட்சி கலைந்து, டாக்டர் சீ சுத்தியல் சின்னத்தில் செம்பவாங் வெஸ்டில் நின்றால் நீங்கள் அவருக்காக வேலை செய்வீர்களா?

உட்லண்ட்ஸ் வேலு:
இரண்டு மணி நேரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டேன். மனைவி சொன்னாள், அவருக்கு வேலை செய்வீர்கள், ஆனால் தேர்தல் முடிந்ததும் அந்தச் சட்டையை மறுபடி போட மாட்டீர்கள் என்று. அவள் சொன்னது சரி.

இப்போது நான் கேட்கிறேன். அவர் உங்கள் சின்னத்தில் நின்றால் நீங்கள் செங்காங்கிலிருந்து எம்ஆர்டி பிடித்து வந்து எங்கள் புளோக்குகளில் படியேறுவீர்களா?

செங்காங் மீனா:
டாக்டர் சீக்கு என்றால் ஒரு சனிக்கிழமை காலை, மழை இல்லாவிட்டால். புக்கிட் பாஞ்சாங்கில் டாக்டர் பால் தம்பையாவுக்கு என்றால் எல்லாச் சனிக்கிழமையும் வருவேன். 2020இல் 46 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியவர் 2025இல் 40க்கும் கீழே போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உட்லண்ட்ஸ் வேலு:
மழை இல்லாவிட்டாலா? எங்கள் புளோக்குகளுக்கு நடுவே கூரை போட்ட நடைபாதை இருக்கிறது அக்கா.