போஸ்டர் சின்னது, ஃபைல் மட்டும் 6 எம்பி. குவாலிட்டிய குறைச்சும் இறங்குதில்ல, ஏன்?

படுவான்கரை_டிசைனர்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வீட்டில வச்சுத்தான் டிசைன் வேலை செய்யுறன். கூடுதலா மரண அறிவித்தல், 31ம் நாள் நினைவஞ்சலி, கோயில் நோட்டீஸ், சாமத்திய வீட்டுக் கார்ட் இப்பிடித்தான் வரும்.

பிரச்சினை என்னெண்டா போட்டோஷொப்ல 1080க்கு 1350 பிக்சல்ல ஒரு மரண அறிவித்தல் செய்து ஜேபெக்கா சேவ் பண்ணினா 6.4 எம்பி வருது. குவாலிட்டி 10ல வச்சிருந்தன், சரி கூடிப்போச்சு எண்டு 4க்கு இறக்கினன், 6.1 எம்பி. அந்த மனிசன்ட முகத்தில சதுரம் சதுரமாத் தெரியத் தொடங்கிட்டு, ஃபைல் மட்டும் இறங்கமாட்டன் எண்டு நிக்குது. லேயர் எல்லாத்தையும் ஃப்ளாட்டன் பண்ணி ஒண்டாக்கியும் பார்த்தன், அதே கதை. இதே சைஸ்ல புதுசா ஒரு திருவிழா நோட்டீஸ் செய்தா 400 கேபிக்குள்ள நிக்குது, அதுதான் எனக்கு விளங்குதில்ல.

ஏன் இவ்வளவு யோசிக்கிறன் எண்டா, மரண வீட்டு ஆக்கள் ராவு 10, 11 மணிக்குத்தான் போட்டோவும் விபரமும் கொண்டு வந்து தருவாங்க, விடியுறதுக்கு முதல் அது கனடா, சுவிஸ், லண்டன் எல்லாம் போய்ச் சேரணும். வட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா கீழ இருக்கிற சின்ன எழுத்து, மருமக்கள் பேரப்பிள்ளைகள்ட பேரெல்லாம் மங்கிப்போகுது, அதால டொக்யூமென்டாத்தான் அனுப்புறன். எங்கட பக்கம் ராவையில சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடுதான். போன கிழமை ஒண்டு அனுப்ப வெளிக்கிட்டு வட்டம் சுத்திச் சுத்தியே நிண்டிச்சு, கடைசியில மோட்டர்சைக்கிள எடுத்து மண்முனைப் பாலத்தடிக்குப் போய்த்தான் அனுப்பினன். அந்த வீட்டுப் பொடியனும் பின்னால ஏறி வந்தவன். தகப்பன் செத்து அஞ்சு மணித்தியாலம் ஆகேல்ல, அவனை அந்த இருட்டில பாலத்தடியில நிப்பாட்டி வச்சது எனக்கு இன்னும் மனசுக்க கிடக்கு. யாராவது தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

வாவியோரம்

மனே, ரெசலூஷன் 300ல வச்சிருப்பாய், பிரஸ்ஸுக்குக் குடுக்கிற டெம்ப்ளேட் எண்டா அப்பிடித்தான் இருக்கும். இமேஜ் சைஸ்ல போய் 72 ஆக்கு, இறங்கிரும். இல்லாட்டி பிஎன்ஜியாப் போட்டுப் பார்.

படுவான்கரை_டிசைனர்

நன்றி அண்ணன். 300தான் இருந்தது. 72 ஆக்கினன், பிக்சல் மாறாம இருக்க ரீசாம்பிள் டிக்கை எடுத்துட்டுத்தான் மாத்தினன். திரும்பவும் 6.4தான். பிஎன்ஜியில 7 எம்பிக்கு மேல போயிட்டு.

கருங்கொடி_கெமரா

தம்பி, 72ம் 300ம் இதுக்குச் சம்பந்தமே இல்ல. அது பிரிண்டருக்குச் சொல்லுற ஒரு நம்பர், ஒரு இஞ்சிக்குள்ள எத்தின புள்ளியக் கொட்டணும் எண்டு. ஸ்க்ரீனும் போனும் அதக் கணக்கெடுக்காது. பிக்சல் எண்ணிக்கை மாறாட்டி ஃபைல்ட பாரமும் மாறாது. வாவியோரம் அண்ணன் கோவிக்காதீங்க, இது எல்லாரும் நம்பிட்டிருக்கிற ஒண்டு, நானும் கனகாலம் அப்பிடித்தான் 72, 72 எண்டு மாத்திட்டிருந்தன்.

இப்ப ஒரு கணக்குப் பாருங்க. 1080ஐ 1350ஆல பெருக்கினா 14 லட்சத்து 58 ஆயிரம் புள்ளி. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் எண்டு 3 பைட். மொத்தம் 43 லட்சத்து 74 ஆயிரம் பைட், அதாவது 4.4 எம்பிக்குள்ள. இது ஜேபெக் ஒண்டுமே அமுக்காம, புள்ளி புள்ளியா அப்பிடியே எழுதி வச்சா வாற சைஸ். நீங்க அமுக்கி வச்ச ஃபைல் 6.4. அமுக்கினது அமுக்காததைவிடப் பெரிசா வருமா? வராது. அப்ப அந்த ஃபைலுக்க படம் இல்லாத வேற ஏதோ சாமான் கிடக்கு.

நீங்களே சொல்லியிரிக்கீங்க பாருங்க, குவாலிட்டி 10ல இருந்து 4க்கு இறக்கியும் 0.3 எம்பிதான் குறைஞ்சது எண்டு. குவாலிட்டி தொடுறது படத்த மட்டும்தான். அந்த 0.3தான் படத்தில இருந்து போனது, மிச்சத்தில பெரும்பங்கு ஒட்டிக்கிட்டு வாற விபரம், மெட்டாடேட்டா. நீங்க குவாலிட்டியக் குறைக்கக் குறைக்க அந்த மனிசன்ட முகம்தான் பழுதாகும், பாரம் அங்கயேதான் இரிக்கும்.

இப்ப ஒண்டு செய்ங்க. அந்த பிஎஸ்டிய, அதாவது லேயரோட இரிக்கிற போட்டோஷொப் ஃபைலத் திறந்து ஃபைல் மெனுவில ஃபைல் இன்ஃபோ, அதுக்குள்ள ரோ டேட்டா எண்டு ஒண்டு இரிக்கும், அத அமத்துங்க. கொஞ்ச நேரம் தொங்கும், பயப்படாதீங்க. டொக்யூமென்ட் அன்செஸ்டர்ஸ் எண்டு ஒரு தலைப்பு இரிக்கா, அதுக்குக் கீழ எவ்வளவு நீளம் போகுது எண்டு பார்த்துச் சொல்லுங்க. அதோட இன்னொண்டு, அந்த டெம்ப்ளேட் நீங்க சொந்தமாச் செய்ததா, கைமாறி வந்ததா?

படுவான்கரை_டிசைனர்

கருங்கொடி காக்கா, மெய்யாத்தான் சொல்லுறன், எனக்கு இப்ப கை விறைச்சுப் போச்சு. ரோ டேட்டா திறக்க லெப்டொப் ஒரு நிமிசம் போல அப்பிடியே நிண்டிச்சு. பிறகு நீங்க சொன்ன அந்தத் தலைப்புக்குக் கீழ ஒரே மாதிரி வரி, ஒரு நீட்டு நம்பரும் எழுத்தும் கலந்தது, அதுக்குக் கீழ இன்னொண்டு, அதுக்குக் கீழ இன்னொண்டு. மவுஸ் சில்லை உருட்டி உருட்டி விரல் நோவுது, பக்கத்தில இருக்கிற பட்டை ஒரு மயிரளவும் அசையேல்ல. எத்தின ஆயிரம் எண்டு எண்ண ஏலாது.

டெம்ப்ளேட் என்டது இல்ல. 2017ல ஒரு ஸ்டூடியோவில வேலை செய்த நண்பன் தந்தது, அவனுக்கும் வேற ஒராள் குடுத்ததாம். அதையே திறந்து, பழைய ஆள்ட படத்த எடுத்துட்டுப் புது ஆள்ட படத்த ஒட்டி, பேரை மாத்தி, வேற பேரில சேவ் பண்ணி, இப்பிடித்தான் இவ்வளவு வருசமும் ஓடுது. அது என்ன காக்கா அந்த வரியெல்லாம்?

கருங்கொடி_கெமரா

அதுதான் ஆள். இனி விளக்கமாச் சொல்லுறன்.

போட்டோஷொப் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு அடையாள நம்பர் குடுக்கும். நீங்க ஒரு ஃபைல்ல இருந்து படத்த கொப்பி பண்ணி இன்னொண்டுல ஒட்டினா, எங்க இருந்து வந்தது எண்டு அந்த ஃபைல்ட நம்பரையும் சேர்த்து எழுதி வைக்கும். படத்த நீங்க பிறகு அழிச்சாலும் அந்த நம்பர் அழியாது. வேற பேரில சேவ் பண்ணினா புது ஃபைலுக்கும் முழு லிஸ்டும் போகும். அப்ப 2017க்கு முதல் இருந்து எத்தின பேர்ட கையால, எத்தின பேர்ட படம் அதுல ஒட்டிப் போயிரிக்கும் எண்டு யோசிங்க. ஒரு வரி அறுவது எழுபது எழுத்துத்தான், ஆனா பல்லாயிரக்கணக்கில சேரக்குள்ள எம்பி கணக்கா வந்து நிக்கும். ஃப்ளாட்டன் பண்ணினா லேயர்தான் ஒண்டாகும், இந்த லிஸ்ட் அப்பிடியே கிடக்கும். பிஎன்ஜியிலயும் இது கூடவே போகும், அதாலதான் அதுவும் ஏறினது. உங்கட திருவிழா நோட்டீஸ் புது ஃபைல், அதுல இந்தச் சுமை இல்ல.

இண்டைக்கு ராவைக்கு அவசரம் எண்டா சேவ் எஸ் எடுக்காதீங்க. கன்ட்ரோல், ஒல்ட், ஷிஃப்ட், எஸ் நாலையும் ஒண்டா அமத்தினா சேவ் ஃபோர் வெப் வரும். அங்க மெட்டாடேட்டா எண்டு இரிக்கிற இடத்தில நன், அதாவது ஒண்டும் வேணாம், எண்டு வைங்க. அங்க குவாலிட்டி 100க்குக் கணக்கு, எழுத்து கூட இரிக்கிறதால 70, 75க்குக் கீழ போகாதீங்க, எழுத்துட ஓரத்தில கொசு மொய்ச்ச மாதிரி வரும். கன்வேர்ட் டு எஸ்ஆர்ஜிபி டிக்கும் இரிக்கட்டும், அது ஸ்க்ரீனுக்குரிய நிறக் கணக்கு. பிரஸ்ஸுக்கு எண்டு செய்த டெம்ப்ளேட்டுகள் சிஎம்வைகே எண்ட அச்சு மை நிறக் கணக்கில இரிக்கும், அதுல ஒட்டி வாற கலர் ப்ரொஃபைல், நிறத்த எப்பிடிக் காட்டணும் எண்ட குறிப்பு, அது மட்டும் அரை எம்பிக்கு மேல போகும், எஸ்ஆர்ஜிபிட ப்ரொஃபைல் 3 கேபிதான்.

இது வெளிய போற ஃபைலுக்கு. டெம்ப்ளேட்டையும் கழுவணும், இல்லாட்டி அத வச்சுச் செய்யுற எல்லாத்திலயும் திரும்பத் தொத்தும். அந்த லிஸ்ட்ட மட்டும் அழிக்கிற சின்ன ஸ்கிரிப்ட், போட்டோஷொப்புக்குள்ள ஓடுற கட்டளை ஃபைல், இணையத்தில கிடக்கு, டொக்யூமென்ட் அன்செஸ்டர்ஸ் டிலீட் எண்டு தேடினா வரும். மெட்டாடேட்டாவத் திருத்துற எக்ஸிஃப்டூல் எண்ட மென்பொருளாலயும் ஏலும். ஆனா ஒண்டு, ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் இருந்தா அது உள்ளுக்க ஒரு தனி ஃபைல், அதுக்கும் தனி லிஸ்ட் இரிக்கும். ஒவ்வொண்டா டபுள் கிளிக் பண்ணித் திறந்து அங்கயும் ஸ்கிரிப்ட்ட ஓட்டி சேவ் பண்ணணும். இதத்தான் கனபேர் விடுறது.

வாவியோரம்

கோவம் ஒண்டுமில்ல தம்பி, இவ்வளவு நாளும் ஆக்களுக்கு 72 எண்டுதான் சொல்லிட்டு வந்திருக்கன். இனி சொல்லமாட்டன்.

கடலோரக்_கிளி

காக்கா, நடுவில வந்து கேக்கிறன் எண்டு நினைக்காதீங்க, எனக்கும் இதே மாதிரி ஒண்டு. நான் டிசைன் இல்ல, போட்டோ எடுக்கிறது. திருக்கோவில் ஆடி அமாவாசைத் திருவிழா ராவையில எடுத்த படங்கள், 24 மெகாபிக்சல் கெமரா, ஜேபெக்லதான் எடுத்தன். கெமராவில இருந்து வந்தது 8 எம்பி, லைட்ரூம்ல வெளிச்சம் மட்டும் கூட்டி எக்ஸ்போர்ட் பண்ணினா 19 எம்பி. ஒண்டும் கூடுதலாச் சேர்க்கேல்ல. இதுவும் அந்த லிஸ்ட்தானா?

கருங்கொடி_கெமரா

இல்ல தங்கச்சி, உங்கட கதை வேற. குவாலிட்டி 100ல கிடக்கும், அதுதான் முதல் காரணம். கெமரா தான் சேவ் பண்ணக்குள்ள 100ல பண்ணுறதில்ல, அதவிடக் கீழதான். அந்த ஃபைல நீங்க 100ல திரும்ப எழுதினா முதல் தரம் போனது திரும்பி வராது, இருக்கிறத மட்டும் தேவையில்லாத அளவு நுணுக்கமா எழுதி வைக்கும், பாரம் கூடும். 80ல வச்சு ரெண்டையும் பக்கத்தில போட்டுப் பாருங்க, கண்ணுக்கு வித்தியாசம் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க.

ரெண்டாவது, ராவுப் படம். ஜேபெக் படத்த 8க்கு 8 புள்ளிக் கட்டமா வெட்டி, கட்டத்துக்குள்ள மாற்றம் குறைவா இருந்தா நல்லா அமுக்கிரும். விடியக்காலையில கல்லடிப் பாலத்தில நிண்டு அலையில்லாத வாவிய எடுத்துப் பாருங்க, ஃபைல் சின்னதா வரும். அதே கெமராவால ராவையில ஐஎஸ்ஓவ, அதாவது கெமராட வெளிச்ச உணர்வ, 6400க்குக் கூட்டி சாமி வீதி வாறத எடுத்தா இருட்டு வானம் முழுக்கப் பொரி பொரியா நொய்ஸ். நமக்கு அது குப்பை, ஜேபெக்குக்கு அது முழுக்க விபரம், ஒவ்வொரு பொரியையும் பத்திரமா எழுதி வைக்கும். நீங்க வெளிச்சத்தக் கூட்டக்குள்ள அந்தப் பொரியும் சேர்ந்து கூடுது, ஷார்ப்பனிங் போட்டா இன்னும் கூடும். முதல் நொய்ஸக் குறைச்சிட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ஃபேஸ்புக், வட்ஸ்அப்புக்கு எண்டா லோங் எட்ஜ், நீளமான பக்கம், 2048 பிக்சல் போதும். லிமிட் ஃபைல் சைஸ் எண்டும் ஒரு ஒப்ஷன் அங்கயே இரிக்கு, ஆனா அல்பத்துக்குக் குடுக்கிற படத்துக்கு அதப் போடாதீங்க, சைஸுக்குள்ள அடக்க எண்டு குவாலிட்டியத் தானே இறக்கிரும்.

கடலோரக்_கிளி

100தான் கிடந்தது காக்கா. 80 வச்சு நொய்ஸும் குறைச்சன், 6 எம்பிக்குள்ள வந்திட்டு. தேர் வடம் பிடிச்சிருக்கிற ஒரு அம்மாட கைய பெரிசாக்கிப் பார்த்தன், நரம்பு, வளையல் எல்லாம் அப்பிடியே இருக்கு. நன்றி.

படுவான்கரை_டிசைனர்

காக்கா, வேலை முடிஞ்சுது. சேவ் ஃபோர் வெப்ல குவாலிட்டி 75, மெட்டாடேட்டா நன். 310 கேபி! ஒரே படம், எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி. 6.4ல இருந்து 310 கேபி எண்டா நான் இவ்வளவு நாளும் அந்தச் சனத்துக்கு எதைக் கட்டி இழுத்து அனுப்பினனான்.

டெம்ப்ளேட்டும் கழுவினன். ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் 3 இருந்தது, பூச்சரம், மேகம், குத்துவிளக்கு. மேல ஸ்கிரிப்ட்ட ஓட்டிட்டுச் சேவ் பண்ணினா கொஞ்சம்தான் குறைஞ்சது, பிறகு நீங்க சொன்னது ஞாபகம் வந்து குத்துவிளக்கைத் திறந்தா அதுக்குள்ளதான் மூட்டையே கிடந்தது. மூண்டையும் கழுவி முடிச்சன். அண்டைக்கு ராவே மகிழடித்தீவுப் பக்கம் ஒரு அறிவித்தல் வந்தது, வீட்டு விறாந்தையில இருந்தபடியே அனுப்பினன், ஒரு கோடு சிக்னல்லதான், போயிட்டு. அந்த அம்மாட மகள் கனடாவில இருந்து, பேரெல்லாம் சரியா இருக்கு எண்டு அஞ்சு நிமிசத்துக்குள்ள பதில் போட்டவ.

ஒரே ஒரு கேள்வி. இதே மாதிரிப் பழைய டெம்ப்ளேட் ஒரு 40 கிடக்கு. ஒவ்வொண்டாத்தான் திறக்கணுமா?

கருங்கொடி_கெமரா

ஃபோல்டர முழுசா வேற ட்ரைவில கொப்பி எடுத்து வச்சிட்டுத் தொடங்குங்க தம்பி, அது முக்கியம். ஸ்கிரிப்ட்ட, தானே திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி, ஒரு எக்‌ஷனாப் பதிஞ்சு, ஃபைல் மெனுவில ஒட்டமேட், பேட்ச் எண்டு போய் அந்த ஃபோல்டரக் காட்டினா மேல இரிக்கிற லிஸ்ட்ட எல்லாத்திலயும் தானே அழிக்கும். ஸ்மார்ட் ஒப்ஜெக்ட்ட மட்டும் கையாலதான் திறக்கணும். அந்தக் குத்துவிளக்கும் பூச்சரமும் எப்பிடியும் 40லயும் ஒண்டாத்தான் இரிக்கும், அதால கழுவின குத்துவிளக்க ஒருக்காத் தனி ஃபைலா சேவ் பண்ணி வச்சிட்டு, மத்ததுகளில ரீப்ளேஸ் கன்டென்ட்ஸ் குடுத்து மாத்துங்க. கெதியா முடியும்.