புதுப்பிப்பு: கடலூரில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது

கணவர் அடிக்கிறார், வக்கீல் வைக்கக் காசில்லை, பாதுகாப்பு உத்தரவு வாங்குவது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்ன அக்காவின் யோசனைதான். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். புகுந்த வீடு புதுச்சேரி, அங்கேதான் மனுப் போடணுமோ என்று பயந்தேன். வேண்டியதில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். அம்மா வீடு கடலூர், அதனால் இங்கேயே போட்டோம்.

இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் பொறுமையாகக் கேட்டு அறிக்கை எழுதினார். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். 'இடது மணிக்கட்டில் வீக்கம்' என்ற அந்த ஒரே வரியை வக்கீல் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். தயவுசெய்து சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: முதல் வாய்தாவுக்குக் கணவர் வரவில்லை. இருந்தும் என் பிரமாணப் பத்திரத்தை வைத்தே மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அவர் என்னை நெருங்கக் கூடாது, போன் செய்யவும் கூடாது. மீறினால் 1 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவு நகல் இலவசம், காவல் நிலையத்துக்கும் ஒன்று போகும்.

ஜீவனாம்ச மனு இன்னும் நடக்கிறது. அப்புறம், ராத்திரியில் அவசரம் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.