பேஸ்பால் அட்டைகளில் அஞ்சல் வழியே கையொப்பம் பெறுதல்: திரும்பிவரும் உறைக்கு எந்தத் தபால்தலை ஒட்டுவது?

கரும்புத்தோட்டம் (டோங்காட்)

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் வாழும் என் அக்காள் மகன் வீடு மாறியபோது, இனித் தனக்குத் தேவையில்லை என்று சொல்லி ஒரு பெட்டி நிறையப் பேஸ்பால் அட்டைகளை, அதாவது ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளை, எனக்குக் கொடுத்துவிட்டான். பெரும்பாலானவை டாப்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட, மரப்பலகை போன்ற கரையுடைய அட்டைகள். சில அண்மைக் காலத்துப் பளபளப்பான அட்டைகளும் இருக்கின்றன. சிறுவனாக இருந்தபோது டர்பன் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் காத்து நின்று கையொப்பம் வாங்கிய பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஆசை இந்தப் பெட்டியைக் கண்டதும் மறுபடி தலைதூக்கியது. அமெரிக்காவில் ரசிகர்கள் அட்டையைக் கடிதத்துடன் வீரருக்கு அனுப்பி, அவர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதைப் பெறுகிறார்கள் என்று மருமகன் சொன்னதால் நானும் இரண்டு முறை முயன்று பார்த்தேன்.

முதல் முறை, என் முகவரி எழுதிக் கடிதத்துடன் உள்ளே வைக்கும் திரும்பிவரும் உறையில் நம் தென்னாப்பிரிக்கத் தபால்தலையையே ஒட்டி அனுப்பினேன். பதினொரு மாதமாகியும் பதில் இல்லை. அது என் அறியாமை என்பது பின்னர்தான் புரிந்தது. இரண்டாம் முறை மருமகன் கொடுத்த அமெரிக்கத் தபால்தலைகளை ஒட்டினேன். அட்டை வந்து சேர்ந்தது, ஆனால் பளபளப்பான மேற்பரப்பில் மை ஒட்டாமல், தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாகத் திரண்டு, உறைக்குள்ளேயே தேய்ந்து கலைந்திருந்தது. ஆகவே, தபால்தலைக்குச் சரியான வழி எது, அனுப்புவதற்கு ஏற்ற காலம் எது, மை கலையாமல் இருக்க என்ன செய்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். இன்னொன்று, நம் நாட்டுப் பேஸ்பால் வீரரான கிஃப்ட் ங்கோபேயின் கையொப்பத்தைப் பெற வேண்டும் என்பது என் பெரிய விருப்பம். அவருக்கு எங்கே எழுதுவது?

லெனேசியா சேகரிப்பாளன்

ஐயா, வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த மனநிலை இல்லாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கு வீண் மனவருத்தத்தில் முடியும்.

காலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பெருங்கழகப் (மேஜர் லீக்) போட்டிகள் தொடங்குவதற்கு முன் நடைபெறும் வசந்தகாலப் பயிற்சியைக் குறிவைப்பதே சிறந்தது. முப்பது அணிகளில் பதினைந்து ஃபுளோரிடாவிலும் பதினைந்து அரிசோனாவிலும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை முகாமிடுகின்றன. அந்த ஆறு வாரங்களில் வீரர்களுக்கு ஓய்வும் நல்ல மனநிலையும் இருக்கும். பருவம் தொடங்கிவிட்டால் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள், பாதி வெளியூரில், ஓய்வறையில் கடிதங்கள் குவிந்து கிடக்கும். அமெரிக்காவில் இருப்பவர்கள் பிப்ரவரியில் அனுப்பினால் போதும். நமக்கு அது போதாது. நான் தீபாவளி முடிந்ததும் கடிதங்களை எழுதத் தொடங்கி, ஜனவரி முதல் வாரத்துக்குள், அதாவது தைப்பூசக் காவடிக்கான விரதம் தொடங்கும் நாட்களுக்கு முன்பே, அனைத்தையும் அஞ்சலில் சேர்த்துவிடுவேன். முகவரி, வீரரின் பெயரும் அணியின் பயிற்சி முகாம் முகவரியும்தான். வீட்டு முகவரிகளை விற்கும் பட்டியல்கள் புழங்குகின்றன. நான் அவற்றைத் தொடுவதில்லை. ஒருவருடைய வீட்டு வாசலில் அழைக்காமல் போய் நிற்பதற்கும் அதற்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மை பற்றிய உங்கள் தொல்லைக்குக் காரணம் அட்டையின் மேற்பூச்சு. டாப்ஸ் நிறுவனம் 1991 வரை பழுப்பு நிறச் சாதாரண அட்டையில்தான் அச்சிட்டது. அதில் மை உடனே ஊறிப் பிடித்துக்கொள்ளும். உங்களிடமுள்ள 1987ஆம் ஆண்டு அட்டைகள் 792 கொண்ட தொகுதியைச் சேர்ந்தவை. அக்காலத்தில் அளவின்றி அச்சிடப்பட்டதால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலையே கிடையாது. கையொப்பத்துக்கு அனுப்ப அவற்றைவிட ஏற்றவை இல்லை, தொலைந்தாலும் நெஞ்சு பதறாது. குரோம் வகைப் பளபளப்பு அட்டைகளை அனுப்பியே தீர வேண்டுமென்றால், அனுப்பும் முன் சிறிது குழந்தைப் பவுடரை மேற்பரப்பில் தூவி, மெல்லிய பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப்பசை நீங்கி மை பிடிக்கும். வீரர்கள் கையில் கிடைத்த பேனாவைக் கொண்டுதான் எழுதுவார்கள் என்பதால், மெல்லிய முனையுள்ள நீல ஷார்ப்பி (அழியாத மைப் பேனா) ஒன்றை உள்ளே வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வைக்க வேண்டாம், உறை புடைத்து இயந்திரத்தில் கிழியும், அங்கே பேனாவுக்குப் பஞ்சமும் இல்லை.

கடிதம் கையால் எழுதப்பட வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ‘நான் உங்கள் தீவிர ரசிகன்’ என்று தொடங்கும் கடிதங்களை அவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். டோங்காட்டில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் வாழும் ஒருவர், நள்ளிரவுக்கு மேல் விழித்திருந்து ஆட்டம் பார்த்ததை எழுதினால் அதைப் படிப்பார்கள். அப்படி எழுதிய ஒரு கடிதத்துக்கு எனக்குக் கையொப்பத்துடன், தென்னாப்பிரிக்காவில் இப்போது மணி என்ன என்று கேட்டு ஒரு வரியும் வந்தது. ஓர் உறையில் இரண்டு அட்டைகளுக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்தாறு வைத்தால் விற்பனைக்காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ங்கோபே 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகக் களமிறங்கி, ஆப்பிரிக்காவில் பிறந்து பெருங்கழகத்தில் ஆடிய முதல் வீரரானவர்; முதல் முறை மட்டையெடுத்தபோதே ஜான் லெஸ்டர் வீசிய பந்தை அடித்து முதல் தளத்தை அடைந்தார். மறுநாள் காலை அலுவலகத்தில் நான் விளக்கிச் சொன்னபோது ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது வேறு கதை. அவர் 2018இல் டொராண்டோ அணிக்கு ஆடியதுடன் பெருங்கழக ஆட்டம் முடிந்துவிட்டதால், அணி முகவரிக்கு எழுதுவதில் பயனில்லை. அவர் வளர்ந்தது ரான்ட்பர்க் மெட்ஸ் மன்றத்தின் கட்டடத்தில், தாயார் அங்கே பணியாற்றியதால். அந்த மன்றத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அவருக்குச் சேர்ப்பிக்க இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு உள்நாட்டுத் தபால்தலையே போதும். 2019இல் சியாட்டில் அணிக்காகப் பந்து வீசிய டெய்லர் ஸ்காட்டையும் மறந்துவிடாதீர்கள். பெருங்கழகத்தில் பந்து வீசிய முதல் தென்னாப்பிரிக்கர் அவர்.

மாரிட்ஸ்பர்க் தபால்தலை அக்கா

அண்ணா, நான் கையொப்பம் சேகரிப்பவள் அல்ல, தபால்தலை சேகரிப்பவள். ஆகவே அந்தப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு நாட்டின் தபால்தலை அந்நாட்டில் அஞ்சலிடப்படும் கடிதத்துக்கு மட்டுமே செல்லும். திரும்பிவரும் உறை அமெரிக்காவில் அஞ்சலிடப்படுவதால், அதில் அமெரிக்கத் தபால்தலைதான் இருக்க வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்க்கவே 1906இல் ரோம் நகரில் கூடிய அஞ்சல் மாநாட்டில் பன்னாட்டுப் பதில் கூப்பன் என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். கூப்பனைப் பெறுபவர் தம் ஊர் அஞ்சலகத்தில் கொடுத்து, வெளிநாட்டுக் கடிதத்துக்குரிய தபால்தலையாக மாற்றிக்கொள்ளலாம். (1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி, இந்தக் கூப்பன்களை வாங்கி விற்று இலாபம் ஈட்டித் தருவதாகச் சொல்லித்தான் மக்களின் பணத்தைச் சுருட்டினார்.) அமெரிக்க அஞ்சல்துறை 2013 ஜனவரியில் கூப்பன் விற்பனையை நிறுத்திவிட்டது. உங்களுக்கு ஒரு கூப்பன் கிடைத்தாலும், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் உங்களுக்காக அஞ்சலக வரிசையில் நின்று அதை மாற்றுவாரா என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய வேலை கையொப்பமிட்டு, உறையை ஒட்டி, பெட்டியில் போடுவதோடு முடிய வேண்டும்.

அதே 2013இல் அமெரிக்காவில் ‘குளோபல் ஃபாரெவர்’ என்னும் வட்ட வடிவத் தபால்தலை அறிமுகமானது. ஒன்றை ஒட்டினால் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரையுள்ள கடிதம் உலகின் எந்நாட்டுக்கும் போகும். பிற்பாடு கட்டணம் உயர்ந்தாலும் பழைய தலை செல்லும். உங்கள் மருமகனிடம் ஒரு தாள் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஓர் அட்டையின் எடை இரண்டு கிராமுக்கும் குறைவாதலால் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். விறைப்பைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அட்டையை வைத்தால் உறை வளையாது, இயந்திரம் ஏற்காது, கூடுதல் கட்டணம் கேட்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, காலை உணவு தானியப் பெட்டியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளுக்கு இடையே வையுங்கள். உங்கள் முகவரியின் கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தனியாக எழுதுங்கள்.

கேப்டவுன்காரன்

உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக அல்ல, ஆனால் எதிர்த்தரப்பும் பதிவாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அஞ்சலில் வரும் கையொப்பத்தை வீரரே இட்டார் என்பதற்கு என்ன சான்று? உதவியாளர்கள் இடுவதுண்டு, ரப்பர் முத்திரை குத்துவதுண்டு, ஒரே கையொப்பத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் இயந்திரமும் உண்டு. 1990களில் சான் டியேகோவை மையமாகக் கொண்டு எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் பிடிபட்ட போலிகளில் அன்னை தெரசா கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது. 1990இல் அப்பர் டெக் நிறுவனம் ரெஜி ஜாக்சன் கையொப்பமிட்டு எண்ணிட்ட 2,500 அட்டைகளைப் பொட்டலங்களுக்குள் கலந்து வைத்ததிலிருந்து, நிறுவனத்தின் உறுதிமொழியுடனேயே கையொப்ப அட்டை கிடைக்கிறது. எட்டு மாதம் காத்திருப்பதைவிட அதில் ஒன்றை வாங்குவது அறிவுடைமை என்பது என் கருத்து.

லெனேசியா சேகரிப்பாளன்

கேப்டவுன் நண்பர் சொல்லும் ஐயம் நியாயமானது. அதனால்தான் நான் அஞ்சலில் வந்த எதையும் விற்பதில்லை. ஒரே வீரரின் இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடு கோடாகப் பொருந்தினால் அது இயந்திரம், ஏனெனில் மனிதன் கை இரண்டு முறை ஒன்றுபோல எழுதாது. ஆனால் வாங்கிய அட்டையில் இருப்பது, நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்துக் கூலிக்கு இட்ட கையொப்பம். என் கடிதத்தைப் பிரித்த ஒருவர் இட்டதை நான் அதோடு ஒப்பிட மாட்டேன்.

மின்னசோட்டா அணியின் ஹார்மன் கில்லிப்ரூ, 573 ஹோம் ரன் அடித்தவர், இளம் வீரர்களிடம் பெயரைப் படிக்கும்படி எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வாராம். அந்த அணியின் டோரி ஹன்டர் கிறுக்கலாக எழுதியதைக் கண்டு கில்லிப்ரூ அவரைத் திருத்தியது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஹன்டரின் பழைய அட்டை பெட்டியில் இருக்கிறதா என்று தேட வேண்டாம் ஐயா, அவர் 1987இல் பள்ளிச் சிறுவன்.

கரும்புத்தோட்டம் (டோங்காட்)

மூவருக்கும் நன்றி. வட்டத் தபால்தலை ஒரு தாள் கேட்டு மருமகனுக்கு எழுதிவிட்டேன். ரான்ட்பர்க் மன்றத்துக்கான கடிதமும் எழுதப்பட்டுவிட்டது. கேப்டவுன் நண்பர் சொன்னதை என் மனைவி படித்துவிட்டு அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: என் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்கலாமா? என் பெயர் ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து.

லெனேசியா சேகரிப்பாளன்

தாராளமாகக் கேளுங்கள், பெயர் சேர்த்துக் கேட்பவர் விற்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் பதில் வரும் வாய்ப்பும் கூடும். ஆனால் அட்டை இரண்டரை அங்குலம் அகலம்தான், ஆகவே வீட்டில் அழைக்கும் சுருக்கப் பெயரைப் பெரிய எழுத்தில் கடிதத்தின் கீழே எழுதிவிடுங்கள். திரும்பிவரும் உறையின் பின்புற மூலையில் வீரரின் பெயரையும் அனுப்பிய மாதத்தையும் பென்சிலால் சிறிதாகக் குறித்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து வரும்போது, கிறுக்கலைப் பார்த்து இது யாருடையது என்று விழிக்க நேராது.