சிங்கப்பூர் போகிறேன், கேசினோ மேசையில் முழிக்காமல் உட்காருவது எப்படி?

செக்காலைக்காரன்:

அடுத்த மாதம் திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போகிறோம், மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. விசேஷம் முடிந்த மறுநாள் "அயித்தான், ஒரு ராத்திரி கேசினோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று இப்போதே போனில் சொல்லிவிட்டான்.

எனக்குத் தெரிந்த சூதாட்டம் எல்லாம் விசேஷ வீட்டோடு சரி. சாந்திக் கல்யாணத்தில் மத்தியானப் பந்தி முடிந்ததும் பட்டாலையில் ஜமுக்காளத்தை விரித்து ரம்மி போடுவோமே, அதுதான். சின்ன வயதில் கண்மாய்க் கரையில் உள்ளே வெளியே ஆடி அப்பச்சியிடம் ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறேன். பச்சைத் துணி விரித்த மேசை, கோட்டு போட்ட ஆள் சீட்டுப் போடுவது எல்லாம் டிவியில் பார்த்ததோடு சரி.

கையில் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் கிடையாது என்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. போனால் திரும்பாது என்று நினைத்துத்தான் எடுத்துப் போகிறேன், அதனால் புத்திமதி வேண்டாம். எந்த மேசையில் உட்காருவது, என்ன விதி, எதைச் செய்தால் பக்கத்து ஆள் முறைப்பான், அதைச் சொன்னால் போதும்.

தேவகோட்டை ரஸ்தா:

பதினோரு வருடமாக இங்கே வேலை. நண்பர்கள் ஊரிலிருந்து வந்தால் கூட்டிக்கொண்டு போவது என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் தெரியும்.

அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் காசு இல்லை, 21 வயது ஆகியிருந்தால் போதும். மச்சினன் குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரவாசம்) வாங்கியிருந்தால் அவருக்கு மட்டும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி வரி, 2019க்கு முன்னால் 100ஆக இருந்தது. 2010இல் இரண்டு கேசினோவையும் திறந்தபோதே உள்ளூர் ஆட்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவதற்காகப் போட்டது அது. குடும்பத்தாரே மனுக் கொடுத்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் இங்கே வழி உண்டு, இதை உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உட்காருவதற்கு முன் மேசை ஓரத்தில் இருக்கும் சின்னப் பலகையைப் படியுங்கள். ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது எவ்வளவு வைக்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 300 வெள்ளியை வைத்துக்கொண்டு 50 வெள்ளி மேசையில் உட்கார்ந்தால் ஆறே கை, காபி ஆறுவதற்குள் எழுந்துவிட வேண்டியதுதான். கூட்டம் இல்லாத வார நாள் பகலில் போனால் குறைந்த மேசை கிடைக்கும். திரையைத் தொட்டுக் கட்டும் எந்திர மேசைகளும் இருக்கின்றன, அங்கே இன்னும் கம்மியாக வைக்கலாம், யாரும் முறைக்கவும் மாட்டார்கள்.

தாயம் ஆடியவருக்குச் சட்டென்று பிடிபடுவது சிக் போ. கண்ணாடி மூடிக்குள் மூன்று பகடை குலுங்கும். கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை வந்தால் சின்னது, 11 முதல் 17 வரை பெரியது, ஏதாவது ஒன்றில் கட்டினால் கட்டிய அளவுக்குக் காசு. மூன்று பகடையும் ஒரே எண் காட்டினால் மட்டும் இரண்டு பக்கமும் காலி. மேசை முழுக்க வேறு நூறு கட்டம் வரைந்திருக்கும், அதை எல்லாம் திரும்பிப் பார்க்காதீர்கள்.

ரூலெட் (எண் போட்ட சக்கரத்தில் குண்டு உருட்டும் ஆட்டம்) என்றால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அங்கே உங்களுக்கென்று தனி நிறத்தில் சிப் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லை) கொடுப்பார்கள், எல்லாரும் ஒரே கட்டத்தில் வைத்தாலும் யாருடையது எது என்று தெரிய வேண்டுமே. அந்த நிறச் சிப்புக்கு அந்த மேசையில் மட்டும்தான் மதிப்பு. எழும்போது டீலரிடமே, அதாவது மேசையை நடத்தும் ஆளிடமே, கொடுத்துச் சாதாரணச் சிப்பாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். என்னோடு வந்த ஒருவர் ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கவுண்டரில் நீட்டியபோது மேசைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கப்பல் டீலர்:

அண்ணே, நான் கண்டனூர். பனாஜி பக்கம் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல் ஒன்றில் நான்கு வருடம் டீலராக நின்றேன், இப்போது ஊரில் பலகாரக் கடை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவனாகச் சொல்கிறேன்.

பணத்தை டீலர் கையில் கொடுக்காதீர்கள், வாங்க மாட்டான், வாங்கவும் கூடாது. துணி மேல் வையுங்கள். அவன் நோட்டை விசிறி மாதிரி விரித்துக் காட்டுவது உங்களுக்காக இல்லை, தலைக்கு மேல் இருக்கும் கேமராவுக்காக. மேசையை விட்டுப் போகும்போது இரண்டு கையையும் தட்டி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவான், கையில் சிப் ஒட்டவில்லை என்பதற்கு. எனக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை, கடையில் முறுக்கு எடுத்துப் போட்டுவிட்டுக் கையைத் தட்டித் திருப்பினால் வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

நீங்கள் உட்கார வேண்டியது பிளாக்ஜாக். சீட்டுப் பிடித்துப் பழகியவருக்கு அதில்தான் யோசிக்க ஏதாவது இருக்கிறது, மற்றதெல்லாம் காசை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான். பக்கத்தில் இருப்பவரோடு போட்டி இல்லை, டீலரோடு மட்டும். 21க்கு மேல் போகாமல் அவனைவிட அதிகம் வர வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து, ஏஸ் உங்கள் வசதிப்படி ஒன்று அல்லது பதினொன்று. முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்தால் அதுதான் பிளாக்ஜாக், அதற்குக் கூடுதல் காசு.

அந்தக் கூடுதல் எவ்வளவு என்று துணியிலேயே அச்சடித்திருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள். 3க்கு 2 என்றால் 100 வெள்ளிக்கு 150 தருவான், 6க்கு 5 என்றால் 120தான். பார்க்க ஆறும் ஐந்தும் பெரிய எண்ணாகத் தெரியும், அதில்தான் ஏமாறுவார்கள். 6க்கு 5 என்று போட்டிருந்தால் உட்காராதீர்கள்.

சீட்டைத் தொடவே கூடாது, வைத்த சிப்பையும் சீட்டு விழுந்த பிறகு தொடக் கூடாது. இன்னொன்று வேண்டும் என்றால் விரலால் மேசையைத் தட்டுங்கள், போதும் என்றால் உள்ளங்கையைக் கீழே பார்த்து வீசுங்கள். வாயால் சொன்னால் கேமராவுக்குக் கேட்காது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டீலருக்கு மூளையே தேவையில்லை, 16 வரை இழுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நின்றுவிட வேண்டும். அவனுடைய ஒரு சீட்டு உங்களுக்குத் தெரியும். அது 5 அல்லது 6 என்றால் நூற்றுக்கு நாற்பது தடவைக்கு மேல் அவன் 21ஐத் தாண்டி வெடித்துவிடுவான். அதனால் அவனிடம் 2 முதல் 6 வரை எது தெரிந்தாலும் நீங்கள் 12, 13 வைத்துக்கொண்டே சும்மா உட்காரலாம், அவன் வெடிக்கட்டும். 12க்கு மட்டும் அவனிடம் 2, 3 தெரிந்தால் ஒரு சீட்டு வாங்கலாம் என்பது கணக்கு, மறந்துபோனாலும் குடி முழுகாது. அவனிடம் 7 முதல் ஏஸ் வரை தெரிந்தால் நீங்கள் 17 வரும் வரை வாங்கத்தான் வேண்டும், 16 வைத்துக்கொண்டு வாங்குவதற்குக் கை நடுங்கும், இருந்தாலும் வாங்குங்கள். உங்களிடம் 11 இருந்து அவனிடம் சின்னச் சீட்டு தெரிந்தால் கட்டியதை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குங்கள். இரண்டு ஏஸ் வந்தாலும் இரண்டு எட்டு வந்தாலும் பிரித்து இரண்டு கையாக ஆடுங்கள், இரண்டு பத்து வந்தால் அந்த இருபதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். நான் சீட்டுப் போட்ட நான்கு வருடத்தில் இருபதைப் பிரித்தவர்களுக்குத்தான் மற்ற ஆட்களிடம் அதிகமாகத் திட்டு விழுந்திருக்கிறது.

ராசிக்கை:

பிளாக்ஜாக் எல்லாம் கணக்கு வாத்தியாருக்கு. பக்காரா போங்கள் பாஸ். பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம், எந்தப் பக்கம் 9க்குப் பக்கத்தில் வருகிறதோ அதற்கு வெற்றி. 10ம் படச்சீட்டும் பூஜ்யம், கூட்டினால் கடைசி இலக்கம் மட்டும் கணக்கு, 7ம் 8ம் வந்தால் 15, அதாவது 5. மூன்றாம் சீட்டு எப்போது போடுவது என்பதை டீலரே பார்த்துக்கொள்வான். நீங்கள் செய்ய வேண்டியது மேசைக்கு மேலே இருக்கும் திரையைப் படிப்பது, சிவப்பு வட்டம் பேங்கர், நீல வட்டம் பிளேயர். வரிசையாகச் சிவப்பு இறங்கினால் அந்த ஓட்டத்தோடு போங்கள், நின்றதும் மாறுங்கள். போன தடவை இப்படித்தான் 1,400 வெள்ளி எடுத்தேன்.

ஐந்தொகை:

ராசிக்கை தம்பி, அதற்கு முந்தின தடவை எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே?

நான் பள்ளத்தூர், வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பார்த்தவர். எந்த வரவு செலவையும் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் பேசாதே என்பார், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ரூலெட்டை எடுங்கள். 0 முதல் 36 வரை 37 குழி. எல்லா எண்ணிலும் ஒரு வெள்ளி வீதம் வைத்தால் 37 வெள்ளி பற்று. ஒன்று நிச்சயம் ஜெயிக்கும், ஒன்றுக்கு 35 தருவான், வைத்த ஒன்றும் திரும்பும், ஆக வரவு 36. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெள்ளி குறைகிறது, நூற்றுக்கு 2.70. பூஜ்யத்தோடு இரட்டைப் பூஜ்யமும் இருக்கும் சக்கரம் என்றால் 38 வைத்து 36 வாங்குவீர்கள், 5.26. சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணிவிட்டு உட்காருங்கள். கறுப்பு சிவப்பில் வைத்தாலும் இதே கழிவுதான், பூஜ்யம் பச்சை.

பக்காராவில் பேங்கர் பக்கம் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிப்பார்கள், பிடித்த பிறகும் 100 வெள்ளிக்கு 1 வெள்ளி 6 காசுதான் சராசரிக் கழிவு. பிளேயர் பக்கம் 1 வெள்ளி 24 காசு. சமம் வரும் என்று கட்டினால் ஒன்றுக்கு எட்டு என்று ஆசை காட்டுவான், அதில் கழிவு 14 வெள்ளிக்கு மேல், மீட்டர் வட்டிக்காரன் தோற்றான். ரஸ்தா தம்பி சொன்ன பகடையில் சின்னது பெரியதுக்கு 2.78. பிளாக்ஜாக்கைக் கண்டனூர்த் தம்பி சொன்னபடி பிசகாமல் ஆடினால் நல்ல மேசையில் அரை வெள்ளி அளவுக்குக் குறையும், அந்த 6க்கு 5 மேசையில் அதோடு சுமார் 1 வெள்ளி 40 காசு கூடும்.

அப்புறம் அந்தத் திரை. முன்னால் என்ன வந்தது என்பதை அது ஒழுங்காகச் சொல்லும், அடுத்தது என்ன என்பது அதற்கும் தெரியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டி கார்லோ கேசினோவில் ரூலெட்டில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு வந்தது. இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டிப் போனவர்கள்தான் அன்றைக்கு அந்தக் கேசினோவுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். தெரிந்துதான் சொல்கிறேன், நானே அந்தக் கிறுக்குப் பிடித்து ஆடியவன். மலேசியாவில் ஒரு மலை மேல் 10 ரிங்கிட்டில் ஆரம்பித்துத் தோற்றால் இரட்டிப்பாக்கு, ஜெயித்தால் விட்டது எல்லாம் வந்துவிடும் என்று போனேன். இரண்டு மணி நேரம் பத்துப் பத்தாக வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு ஏழு தடவை தொடர்ந்து போயிற்று, 10, 20, 40, 80, 160, 320, 640, மொத்தம் 1,270. எட்டாவதற்கு 1,280 வைக்க வேண்டும், பலகையில் அதிகபட்சம் 1,000 என்று போட்டிருந்தது. ஏழு தொடர்ந்து போவது நூறு தடவை ஆரம்பித்தால் சுமாராக ஒரு தடவை நடக்கக்கூடியதுதான், அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், காசு போன பிறகு.

ராசிக்கை:

ஐயா சொல்வது சரியாகவே இருக்கட்டும். திரையைப் பார்க்காமல் பக்காரா ஆடினால் தூக்கம் வருமே.

செக்காலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பிளாக்ஜாக் என்று முடிவு பண்ணிவிட்டேன், ஐந்தொகை ஐயாவின் கணக்கைக் காட்டியதும் வீட்டிலும் ஒரு மாதிரி சமாதானம்.

இன்னொரு சந்தேகம். பழகிப் பார்க்கலாம் என்று போனில் தேடினால் கேசினோ ஆப் விளம்பரமாக வந்து குவிகிறது, அதில் ஆடிப் பார்க்கலாமா? அப்புறம் டீலரிடம் ஏஸ் தெரிந்தால் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பானாமே, எடுக்கலாமா?

கப்பல் டீலர்:

ஆப் பக்கம் போகாதீர்கள் அண்ணே. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை எல்லாம் 2025இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது, தமிழ்நாட்டில் 2022 சட்டம் தனியாக இருக்கிறது. இன்னும் விளம்பரம் வருகிறது என்றால் அது யாரோ எங்கிருந்தோ நடத்துவது, போட்ட காசை யாரிடம் போய்க் கேட்பீர்கள். வீட்டில் ரம்மிக்கட்டு இருக்குமே, அது போதும்.

இன்சூரன்ஸ் என்று பெயர்தான் பெரிது. டீலரின் மூடிய சீட்டு பத்து என்று நீங்கள் தனியாகக் கட்டும் பந்தயம் அது. ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு. அதாவது மூன்றில் ஒரு தடவையாவது பத்து வந்தால்தான் கட்டுப்படியாகும், சீட்டுக்கட்டில் 13க்கு 4தான் பத்து. எடுக்காதீர்கள்.

செக்காலைக்காரன்:

இரண்டு நாளாகப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லில் உட்கார்ந்து மகளை டீலராக வைத்து ஆடுகிறேன், சிப்புக்குப் பதில் புளியங்கொட்டை. ஆளுக்கு ஐம்பதில் ஆரம்பித்தோம், இப்போது அவளிடம் 93. நீங்கள் சொன்ன மாதிரி கையைத் தட்டித் திருப்பியும் காட்டுகிறாள்.

ஒரு இடத்தில் சண்டை நிற்கவில்லை. எனக்கு ஏஸும் ஆறும், அவளிடம் 9 தெரிகிறது. 17 ஆகிவிட்டது, நிற்க வேண்டும் என்கிறேன் நான். அவள் வாங்கு என்கிறாள்.

கப்பல் டீலர்:

அவள் சொல்வதுதான் சரி. ஏஸை ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்பதால் அந்த 17இல் ஒரு சீட்டு வாங்கினால் வெடிக்கவே வெடிக்காது, பத்து வந்தால்கூட 17தான். பயமில்லாமல் வாங்குங்கள். டீலர் எதைக் காட்டினாலும் ஏஸும் ஆறும் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.